வாக்குறுதியும் முள்வேலியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியும் குடிமைப் பொறுப்பும் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். படிக்கத் தெரிந்தவன் எதைப் படிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். பாடநூலைப் படிக்கிறோம், செய்தித்தாளைப் படிக்கிறோம், அரசுத் தேர்வுக்கான நூல்களைப் படிக்கிறோம். ஆட்சியில் இருப்பவர் தரும் வாக்குறுதியைப் படிக்க மட்டும் நாம் இன்னும் முறையாகக் கற்றுக்கொள்ளவில்லை. கேட்கிறோம், கைதட்டுகிறோம், பிறகு மறக்கிறோம். ஆகவே வாக்குறுதியைப் படிக்கும் முறையையே இன்று என் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

ஆசிரியன் என்ற முறையில் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். வாக்கு, உறுதி என்னும் இரு சொற்கள் சேர்ந்ததே வாக்குறுதி. வாக்கு வாயிலிருந்து பிறப்பது. உறுதி செயலிலிருந்து பிறப்பது. இவ்விரண்டையும் புணர்த்துவது இலக்கணத்தில் எளிது, அரசியலில் அரிது.

வாக்குறுதிகளில் பலவகை உண்டு. சாலை போடுவோம் என்பது ஒன்று. விலையைக் குறைப்போம் என்பது மற்றொன்று. அவை நிறைவேறாவிட்டால் மக்கள் அடுத்த தேர்தலில் கணக்குக் கேட்கலாம். ஆனால் விசாரணையின்றி மனிதரை அடைத்து வைத்திருக்கும் ஒரு முகாமை மூடுவோம் என்று தரப்படும் வாக்குறுதி வேறு வகையைச் சார்ந்தது. அது யாருக்காகத் தரப்படுகிறதோ அவர்கள் வேலிக்குள் இருக்கின்றனர். வெளியே வந்து கேள்வி கேட்க அவர்களால் இயலாது. அவர்களில் பலருக்கு வாக்குச்சீட்டே இல்லை. ஆகவே ஓர் அரசின் சொல் எத்துணை எடையுள்ளது என்பதை அளந்து பார்க்க இதைவிடச் சிறந்த தராசு கிடையாது. அத்தகைய வாக்குறுதிகள் இரண்டு, 2009ஆம் ஆண்டில், உலகின் இரு மூலைகளில் தரப்பட்டன. ஒன்று நம் தமிழ் மக்களைப் பற்றியது. அதையே முதலில் காண்போம்.

நூற்று எண்பது நாட்கள்

இலங்கையின் வடக்கே வவுனியா மாவட்டத்தில் செட்டிகுளம் என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே காட்டை வெட்டித் திருத்தி அமைக்கப்பட்டதுதான் மெனிக் பாம் முகாம். 2009 மே மாதத்தில் உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது, வன்னியிலிருந்து உயிர் தப்பி வந்த ஏறத்தாழ 2,80,000 தமிழர்கள் இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த முகாம்களில் வைக்கப்பட்டனர். அவர்களுள் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மெனிக் பாமில் இருந்தனர். நம் ஓமலூர்ப் பேரூரில் வாழும் மக்கள் தொகையைப் போலப் பன்மடங்கு மக்கள் கூடாரங்களில் நெருக்கி வைக்கப்பட்டனர் என்று எண்ணிப் பாருங்கள்.

அம்முகாம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அப்பகுதிகளுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியோரின் பெயர்கள் சூட்டப்பட்டன. பெயர் தமிழ்ப் பெயர்; சுற்றியிருந்ததோ முள்கம்பி வேலி; வாயிலில் நின்றதோ ஆயுதம் தாங்கிய படை. உள்ளே இருந்தவர் மீது வழக்கு இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு இல்லை. 'இடம்பெயர்ந்தோர்' என்பதே அவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர். இடம்பெயர்ந்தவன் விரும்பிய இடத்திற்கு மேலும் பெயர முடியாத நிலையை அப்பெயர் மறைத்தது. ஒரு பகுதியில் தாயும் அடுத்த பகுதியில் மகனும் இருக்க, இருவரும் வேலியின் இருபுறமும் நின்று பேச வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பெருமழை பெய்தபோது கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது.

நியாயமாகப் பேசும்போது எதிர்த்தரப்பின் காரணத்தையும் கூற வேண்டும். வன்னி நிலத்தில் கண்ணிவெடிகள் புதைந்துள்ளன. அவற்றை அகற்றாமல் மக்களை அனுப்ப இயலாது என்று இலங்கை அரசு கூறியது. மக்களிடையே போராளிகள் கலந்திருக்கலாம். அவர்களைப் பிரித்தறிய வேண்டும் என்றும் கூறியது. கண்ணிவெடி இருந்தது உண்மையே. ஆனால் ஊரில் கண்ணிவெடி இருப்பது, யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள உறவினர் வீட்டிற்கு ஒருவர் செல்வதைத் தடுக்கக் காரணமாகாது. ஒரு சிலரைப் பிரித்தறியக் குழந்தைகளும் முதியோரும் உட்பட அனைவரையும் மாதக்கணக்கில் அடைத்து வைப்பதை எந்த நீதியும் ஒப்பாது.

இந்நிலையில் வாக்குறுதி வந்தது. 2009 மே 21ஆம் நாள், இந்திய அரசின் தூதுக்குழு கொழும்பில் பேச்சு நடத்தியபின் வெளியிடப்பட்ட அறிக்கையில், முகாம்களை விரைவில் கலைப்பதே தன் நோக்கம் என்றும், பெரும்பாலான மக்களை 180 நாட்களில் சொந்த இடங்களில் குடியமர்த்தத் திட்டம் உள்ளது என்றும் இலங்கை அரசு தெரிவித்திருந்தது. இரண்டு நாள் கழித்து ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் பான் கி மூன் மெனிக் பாமை நேரில் பார்வையிட்டார். அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து டி. ஆர். பாலு தலைமையில் நாடாளுமன்ற உறுப்பினர் பதின்மர் சென்று முகாம்களைக் கண்டனர். தொல். திருமாவளவன் அக்குழுவில் ஒருவர்.

180 நாட்கள் நவம்பர் நடுவில் முடிந்தன. அப்போதும் 1 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முகாம்களில் இருந்தனர். பின்னர் நவம்பர் 21ஆம் நாள் புதிய அறிவிப்பு வந்தது: டிசம்பர் 1 முதல் மக்கள் வெளியே சென்று வரலாம், 2010 சனவரி இறுதிக்குள் முகாம்கள் மூடப்படும். சனவரி 26ஆம் நாள் அந்நாட்டில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வாயில் திறந்தது, ஆனால் முகாம் மூடப்படவில்லை. 2010 கடந்தது, 2011 கடந்தது. 2012 செப்டம்பர் 24ஆம் நாள்தான் கடைசி மக்கள் 1,160 பேர் மெனிக் பாமை விட்டு வெளியேறினர். நூற்று எண்பது நாள் என்றது மூன்றாண்டுகளுக்கு மேல் நீண்டது.

அந்த 1,160 பேரில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்பிலவு ஊரைச் சேர்ந்த 110 குடும்பத்தினரும் இருந்தனர். முகாம் மூடப்பட்டது, ஆனால் அவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்களுடைய வீடும் வயலும் படையினர் வசம் இருந்தன. எனவே அவர்கள் வேறோர் அரசு நிலத்தில் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். உலகத்திற்கு முகாம் மூடப்பட்ட செய்தி போயிற்று. கேப்பாப்பிலவு மக்களுக்கோ முகாமின் இடம் மாறியது.

அம்மக்கள் மனம் தளரவில்லை. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவ்வூர்ப் பகுதியான பிலவுக்குடியிருப்பைச் சேர்ந்த தாய்மார்கள் படைமுகாமின் வாயிலிலேயே இரவும் பகலும் அமர்ந்தனர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் விமானப்படை அந்நிலத்தை விட்டுக்கொடுத்தது. ஊரின் பிறரும் போராட்டத்தைத் தொடர்ந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் இராணுவம் மேலும் ஒரு பகுதியை விடுவித்தது. முழுமையும் அப்போதும் கிடைக்கவில்லை. ஆயினும் அரசின் வாக்குறுதியால் கிடைக்காத நிலத்தை, அதன் வாயிலில் உட்கார்ந்து பெண்கள் பெற்றனர் என்பது வரலாறு.

ஓராண்டு என்ற ஆணை

இனி உலகின் மறுமூலைக்குச் செல்வோம். கியூபா நாட்டுக் கரையில் குவாண்டனாமோ என்னும் விரிகுடா உள்ளது. 1903ஆம் ஆண்டு முதல் அங்கே அமெரிக்கா குத்தகை நிலத்தில் கடற்படைத் தளம் வைத்திருக்கிறது. 2002 சனவரி 11ஆம் நாள் அத்தளத்தில் ஓர் இராணுவத் தடுப்பு முகாம் திறக்கப்பட்டது. மொத்தத்தில் ஏறத்தாழ 780 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் மீது எக்குற்றமும் சாட்டப்படவில்லை. அமெரிக்க மண்ணுக்கு வெளியே வைத்துவிட்டால் அமெரிக்க நீதிமன்றத்தின் கை அங்கே நீளாது என்ற எண்ணமே அவ்விடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று. அவ்வெண்ணம் தவறு என்றும், அங்கிருப்பவரும் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம் என்றும் 2008 சூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டின் தேர்தலில் போட்டியிட்ட ஒபாமா, மெக்கெய்ன் ஆகிய இருவருமே அம்முகாமை மூடுவோம் என்றனர். இரு கட்சியும் ஒத்துப் பேசிய வாக்குறுதி அது. வெற்றி பெற்ற ஒபாமா, பதவியேற்ற மூன்றாம் நாளே, 2009 சனவரி 22 அன்று, ஓராண்டுக்குள் முகாமை மூட வேண்டும் என்று கையெழுத்திட்டு ஆணை பிறப்பித்தார். நாளும் குறிக்கப்பட்டது, ஆணையும் எழுதப்பட்டது. இனி என்ன குறை என்று உலகம் எண்ணியது.

குறை பணத்தில் இருந்தது. முகாமை மூடுவதற்காகக் கேட்ட 8 கோடி டாலரை அதே ஆண்டு மே மாதத்தில் செனட் சபை மறுத்தது. மறுத்தவர் 90 பேர். தர இசைந்தவர் 6 பேர். அதிபரின் சொந்தக் கட்சியினரும் மறுத்தவர்களுள் இருந்தனர். அங்குள்ளவர்களைத் தங்கள் மாநிலத்துச் சிறைக்குக் கொண்டு வரக்கூடாது என்பது பலரின் பேச்சாக இருந்தது. பின்னர் அவர்களை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டு வருவதையே சட்டம் தடுத்தது. விடுவிக்கலாம் என்று முடிவானவர்களையும் அனுப்ப இடமில்லாமல் போயிற்று. சீனத்திற்கு அனுப்பினால் துன்புறுத்தப்படுவர் என்ற நிலையிலிருந்த உய்குர் முசுலிம்கள் சிலர், பெர்முடா, பலாவ் போன்ற தீவுகளுக்கு அனுப்பப்பட்டனர்.

எட்டாண்டு ஆட்சி முடிந்து 2017 சனவரியில் ஒபாமா விலகியபோது 41 பேர் அங்கே எஞ்சியிருந்தனர். அடுத்து வந்த டிரம்ப், முகாம் திறந்தே இருக்கும் என்று 2018இல் ஆணையிட்டார். அவருக்குப் பின் வந்த பைடன் மூடுவதே நோக்கம் என்றார். அவர் விலகிய 2025 சனவரியில் 15 பேர் இருந்தனர். அதே மாதத்தில் மீண்டும் பதவிக்கு வந்த டிரம்ப், குடியேறிகளை அத்தளத்தில் அடைத்து வைக்க இடம் விரிவாக்குமாறு பணித்தார். ஓராண்டில் மூடப்பட வேண்டிய இடத்திற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்துப் புதிய பயன் கண்டுபிடிக்கப்பட்டது.

நம் நாட்டிலும்

அயல்நாட்டைக் குறை கூறுவது எளிது என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். நினைப்பது சரியே. ஆகவே நம் வீட்டிற்குள்ளும் விளக்கை ஏந்திப் பார்ப்போம்.

1975ஆம் ஆண்டு நெருக்கடி நிலையின்போது மிசா என்று வழங்கிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1976 சனவரி 31இல் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டபின் நம் மாநிலத்திலும் கைதுகள் நடந்தன. அச்சட்டத்தை நீக்குவோம் என்று 1977 தேர்தலில் சனதாக் கட்சி வாக்களித்தது. வென்றது, 1978இல் நீக்கவும் செய்தது. நிறைவேறிய வாக்குறுதி என்று இதை நாம் மனமுவந்து பாராட்ட வேண்டும். ஆயினும் 1980இல் அடுத்த ஆட்சி தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. ஒரு பூட்டை உடைத்தபின் இன்னொரு பூட்டு வராமல் காப்பதும் மக்களின் வேலையே என்பதை இதனால் அறிகிறோம்.

இலங்கையிலிருந்து வந்த நம் உறவுகள் வாழும் மறுவாழ்வு முகாம்கள் நம் சேலம் மாவட்டத்திலும் உள்ளன. அம்முகாம்களில் பிறந்த பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகளோடு படிக்கின்றனர். அவை திறந்த முகாம்கள். அவற்றிலிருந்து வேறுபட்டவை சிறப்பு முகாம்கள் எனப்படுபவை. 1990ஆம் ஆண்டுக்குப்பின் வேலூர்க் கோட்டையிலும் செங்கற்பட்டிலும் பூந்தமல்லியிலும் திருச்சியிலும் இவை இயங்கின. அயல்நாட்டார் சட்டத்தின் கீழ் ஓர் அரசாணையே ஒருவரை அங்கே வைக்கப் போதுமானதாக இருந்தது. அவற்றை மூட வேண்டுமென்று பல கட்சியினரும் மேடைகளில் முழங்கினர். உள்ளிருந்தோர் பலமுறை உண்ணாநோன்பு இருந்தனர்.

2022 நவம்பர் 11ஆம் நாள் இராசீவ் காந்தி கொலை வழக்கில் எஞ்சியிருந்த அறுவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர்களுள் இலங்கைக் குடிமக்களான நால்வர் சிறையிலிருந்து நேரே திருச்சிச் சிறப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிறையின் கதவு திறந்தது. முகாமின் கதவு சாத்தியது. நால்வருள் ஒருவர், தாயகம் திரும்பக் காத்திருந்த நிலையில், 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் காலமானார். மற்ற மூவர் அவ்வாண்டு ஏப்ரலில் அனுப்பப்பட்டனர். அக்கொலையைப் பற்றியும் அவ்வழக்கைப் பற்றியும் நம்மிடையே வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். நீதிமன்றம் விடுவித்தவரை அதன்பின் எந்தக் கணக்கில் அடைத்து வைப்பது என்ற வினாவில் மட்டும் வேறுபாடு இருத்தலாகாது.

ஐந்து வினாக்கள்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஐந்து வினாக்களைத் திரட்டித் தருகிறேன். எந்த வாக்குறுதியைக் கேட்டாலும் இளைஞர்கள் இவ்வைந்தையும் கேட்டுப் பழக வேண்டும்.

முதல் வினா: நாள் குறிக்கப்பட்டுள்ளதா? 'விரைவில்' என்பது நாளாகாது. 180 நாள் என்று கூறப்பட்டதனால்தான், 181ஆம் நாள் உலகம் எழுந்து கேட்க முடிந்தது. தவறிய நாளும் பயனுடையதே. அது கேள்வி கேட்பவனுக்குப் பற்றுக்கோடு.

இரண்டாவது வினா: எழுத்தில் ஆணை உண்டா? மேடையில் சொன்னது காற்றோடு போகும். அரசாணைக்கு எண் உண்டு, தேதி உண்டு.

மூன்றாவது வினா: அதற்குப் பணம் எங்கே? அதைத் தரும் அதிகாரம் யாரிடம்? ஒபாமாவின் ஆணையில் நாள் இருந்தது, கையெழுத்து இருந்தது. பணப்பெட்டியின் சாவி வேறொருவரிடம் இருந்தது. வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெறாத வாக்குறுதி ஏட்டுச் சுரைக்காய்.

நான்காவது வினா: வெளியே வருபவர் எங்கே போவார்? ஐந்தனுள்ளும் இதுவே தலையாயது. குவாண்டனாமோவில் விடுதலைக்குத் தகுதி பெற்றவரும் போக இடமின்றிக் கிடந்தனர். கேப்பாப்பிலவு மக்கள் முகாம் மூடியபின்னும் வீடின்றி நின்றனர். காலடி வைக்கச் சொந்த மண் இல்லாதவனுக்குக் கதவைத் திறந்துவிடுவது பாதி விடுதலையே.

ஐந்தாவது வினா: நிறைவேறியதா என்று யார் சென்று எண்ணிப் பார்ப்பது? நாங்கள் பள்ளியில் நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறோம். நாற்பது பேர் வந்தனர் என்று பொதுவாக எழுதிவிட்டுப் போவதில்லை. வராதவன் யார் என்று தெரிவதற்காகவே பதிவேடு. கடைசியாக வெளியேறியோர் 1,160 பேர் என்றும், அவருள் 110 குடும்பம் வீடு திரும்பவில்லை என்றும் நாம் இன்று அறிவது, யாரோ பொறுமையாக எண்ணிக் குறித்ததனால்தான்.

நமக்கு இதில் என்ன

நம் சமுதாயத்திற்கு இந்த ஐந்தாவது வினா புதியதன்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையின் விளைவாக, 1892இல் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறப்பித்தது. அதுவே பஞ்சமி நிலம். பிற வகுப்பார் அதை வாங்கலாகாது என்ற நிபந்தனையும் எழுத்தில் இருந்தது. நாள் இருந்தது, ஆணை இருந்தது, நிலமும் இருந்தது. எண்ணிப் பார்க்க, பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட, எழுத்தறிந்த நம்மவர் போதிய அளவில் இல்லை. அதனால் அந்நிலத்தில் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போயிற்று. அவ்விழப்பைப் பாட்டன்மார் அழுது சொன்னார்கள்; பேரப்பிள்ளைகளாகிய நாம் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். கல்விச் சங்கங்கள் தோன்றியதன் பயன் அதுவே.

இன்னொன்றையும் இளைஞர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விசாரணையின்றி அடைத்து வைப்பது எங்கோ கடல் கடந்து நடப்பது என்று நினையாதீர்கள். நம் மாநிலத்தில் குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம் உள்ளது. அதன் கீழ் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் மீது அச்சட்டம் பாயும்போது, பெற்றோர் செய்வதறியாது கையைப் பிசைந்து நிற்கின்றனர். பலர் இருக்கும் நகையை விற்று இடைத்தரகரிடம் கொடுக்கின்றனர்.

சட்டம் அவர்களுக்குத் தந்திருப்பது என்ன என்பதை அறிந்துகொள்ளுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, தடுப்புக்காவலுக்கு எல்லை வகுக்கிறது. அரசியல் நிர்ணய சபையில் 1949 செப்டம்பரில் அப்பிரிவை முன்மொழிந்தவர் டாக்டர் அம்பேத்கர். தனிமனித உரிமைக்குப் போதிய காப்பு இல்லை என்று எழுந்த குறையை ஓரளவேனும் ஈடுசெய்யவே அவர் அதைக் கொண்டு வந்தார். காவலில் வைத்ததற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எதிர்த்து முறையிட விரைவில் வாய்ப்புத் தர வேண்டும். மூன்று மாதத்திற்கு மேல் வைக்க வேண்டுமாயின் ஆலோசனைக் குழுவின் இசைவு வேண்டும். காரணங்கள் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று 1962இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆங்கிலத் தாளைக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்கினால் அது போதாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம். இவ்வாறு சென்ற பல ஆணைகள் நீக்கப்பட்டுள்ளன. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையெனில், சேலத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகி இலவச உதவி கேட்கலாம். ஒரு பட்டதாரி நம் தெருவில் இருந்து, இந்தச் செய்தியை ஒரு தாய்க்கு எடுத்துச் சொன்னால், அவர் பெற்ற பட்டம் அன்றைக்கே பயன் தந்துவிடும்.

ஆகவே இந்த வெள்ளி விழா ஆண்டில் சங்கத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். நம் நூலகத்தில் ஒரு பதிவேடு தொடங்குங்கள். அதற்கு வாக்குறுதிப் பதிவேடு என்று பெயரிடுங்கள். தேர்தலில் நம் தெருவிற்கு வந்து ஒருவர் பட்டா தருவோம் என்றாலும், மயானத்திற்குப் பாதை தருவோம் என்றாலும், விடுதிக்குக் கட்டடம் தருவோம் என்றாலும் அதில் எழுதுங்கள். சொன்னவர் யார், சொன்ன நாள் எது, முடிப்பதாகச் சொன்ன நாள் எது, ஆணை எண் என்ன, ஒதுக்கிய பணம் எவ்வளவு, பயன் பெற வேண்டியவர் யார் யார் என்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஆணை எண் தெரியவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுக் கேளுங்கள். அச்சட்டம் 2005 முதல் நம் கையில் உள்ளது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை கூட்டம் கூட்டி அப்பதிவேட்டை உரக்கப் படியுங்கள். கட்சி வேறுபாடு பாராமல் படியுங்கள். நமக்கு வேண்டியவர் சொன்னது என்பதற்காக ஒரு வரியையும் தள்ளிவிடாதீர்கள்.

இதைச் செய்ய ஒரு நோட்டும் ஒரு பேனாவும், சோர்வடையாத இரண்டு இளைஞர்களும் போதும். வாயிலில் அமர்ந்த கேப்பாப்பிலவுத் தாய்மார்களிடம் இருந்ததும் பெரும்படை ஒன்றுமில்லை. இது எங்கள் நிலம் என்ற தெளிவும், இன்று எத்தனையாவது நாள் என்ற கணக்குமே இருந்தன. அத்தெளிவையும் அக்கணக்கையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இச்சங்கத்தின் பணியாக அமைய வேண்டும் என்று விழைகிறேன்.